ஊர் வரலாறு எழுத உட்காருவோர் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏரியையோ ஆற்றுக்காலையோ கிணற்றையோ நம்பிப் பயிர் செய்யும் ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தலபுராணம் எழுத இந்தப் பக்கம் உதவாது. நிலம் யாருடையது, தண்ணீர் யாருக்குப் போனது, யார் இறங்கி உழைத்தார்கள் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு உதவும்.

எதிலிருந்து தொடங்குவது? கோயிலிலிருந்தா?

ஏரியிலிருந்து. கோயிலில் தொடங்கினால் அரசன் பெயர் ஒன்று கிடைத்துவிடும். எழுதுகிறவர் கை அவன் பின்னாலேயே போய்விடும், ஊர் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் கிராம வரைபடத்தின் நகலை வாங்குங்கள். பழைய வரைபடங்கள் பலவும் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை. அதாவது தாளில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி, ஐந்து சங்கிலி. இந்த அளவில் ஒவ்வொரு வயலும் தன் புல எண்ணோடு (சர்வே எண்) தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். மதகு எத்தனை, கலிங்கு எத்தனை, வரத்துக்கால் எந்த மேட்டிலிருந்து இறங்குகிறது, கலிங்கு வழிந்தால் உபரி எந்த ஊர் ஏரிக்குப் போகிறது, ஒவ்வொரு மதகுக்கும் எந்தெந்தப் புல எண்கள் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்): இவ்வளவையும் குறித்துக்கொண்டால் நூலின் பாதி எலும்புக்கூடு தயார்.

அடுத்து, வயல்களுக்கு ஊரார் வழங்கும் பெயர்களை எழுதுங்கள். வண்ணான் மானியம், நாவிதன் மானியம், தேவதானம், ஏரிப்பட்டி, உள்வாய் என்று வரும். மானியம் ஊர் ஊழியருக்கு விட்ட நிலம், தேவதானம் கோயிலுக்கு விட்டது, உள்வாய் ஏரியின் உட்புறம். ஏரிப்பட்டி என்பது ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம். கல்வெட்டுகளிலும் இதே பெயர்தான். நில உடைமை பல கை மாறிய பிறகும் வயலின் பெயர் மட்டும் மாறாமல் கிடப்பது சாதாரணம்.

'அ' பதிவேடு என்கிறார்களே, அதில் என்ன பார்ப்பது?

அது கிராமத்தின் நிலப் பதிவேடு. ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பதிவு இருக்கும். புல எண், பழைய புல எண், ரயத்துவாரியா (குடிகள் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலம்) இனாமா (வரி தள்ளிக் கொடுத்த நிலம்), நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, ஒருபோகமா இருபோகமா, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு. பலர் பட்டாதாரர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வரலாறு எழுதுகிறவர் பார்க்க வேண்டியவை பாசன ஆதாரமும் குறிப்புப் பத்தியும். இன்று கருவேலங்காடாகக் கிடக்கும் இடத்துக்கு 'ஏரி, இருபோகம்' என்று பதிவு இருந்தால், அந்த மதகு செத்தது எப்போது என்பதே நீங்கள் தேட வேண்டிய அடுத்த கேள்வி.

இந்தப் பதிவேடு ஒரே நாளில் எழுதியதல்ல; அடுக்கடுக்காக வந்தது. இன்று கையில் கிடைப்பது 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது. ஊரார் வாயில் 'யு.டி.ஆர்.' அதற்கு முந்தையது பழைய நிலவரித் திட்டப் பதிவேடு. சென்னை மாகாணத்தில் முறையான அளவையும் நிலவரித் திட்டமும் 1858க்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக நடந்தவை. அதற்கும் முந்தையது பைமாஷ் கணக்கு: வரைபடம் இல்லாமல், வயலை வரிசையாக எண்ணி எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கக் கணக்கு.

ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு இறங்க 'பழைய புல எண்' பத்திதான் ஏணி. இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். இன்றைய புல எண் 112ஐப் பழைய பதிவேட்டில் 112 என்றே தேடினால், வேறொரு மூலையில் இருக்கும் யாரோ ஒருவர் நிலத்தின் வரலாறு உங்கள் நூலில் ஏறிவிடும். பரப்பும் கவனம்: புதியது ஹெக்டேரில், பழையது ஏக்கர்–சென்டில். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர்.

இன்றைய பதிவேட்டு விவரம் அரசின் இணையச் சேவையிலேயே வரும். பழையவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியரகப் பதிவறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் போங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு 'இல்லை' என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவேட்டின் பெயர், கிராம எண், வட்டம் மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் ஊர் ஜமீன் கிராமம். பழைய பதிவேடே இல்லை என்கிறார்கள். பொய்யா?

பெரும்பாலும் உண்மைதான். ஜமீன் கிராமங்களில் அரசு நேரடியாகக் குடிகளிடம் வரி வாங்கவில்லை. ஜமீன்தாரிடம் பேஷ்குஷ் என்ற கப்பத்தொகை வாங்கியது. ஆகவே பல ஜமீன் ஊர்களில் ரயத்துவாரி நிலவரித் திட்டம் நடந்ததே 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான். அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியில் (அலுவலகத்தில்) இருந்திருக்கும். ஜமீனுக்கும் குடிகளுக்கும் குத்தகை வழக்கு, ஏரி மராமத்து வழக்கு நடந்திருந்தால் தீர்ப்பு நகல்களில் அந்தக் கணக்கு விரிவாகவே எடுத்தாளப்பட்டிருக்கும்.

இனாம் நிலம் பற்றிய பதிவு எங்கே?

1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. கோயில், சத்திரம், பிராமணர், கிராம ஊழியர் என்று யார் வரியில்லாமல் நிலம் அனுபவித்தாலும் ஆதாரம் காட்டச் சொல்லி விசாரித்து, உறுதியானவற்றுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த விசாரணைப் பதிவுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். நிலம் எவ்வளவு, யார் கொடுத்தது, எந்தக் காலத்தில், எதற்காக, இப்போது அனுபவிப்பவர் யார் என்று பத்தி பத்தியாக இருக்கும். ஆவணக் காப்பகத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் சொல்லிக் கேட்க வேண்டும், டி.டி. எண் (உரிமைப் பத்திர எண்) தெரிந்தால் வேலை சுளுவு.

ஒரு எச்சரிக்கை. 'கொடுத்தது யார்' என்ற பத்தியில் நாயக்கர், நவாபு என்று இருப்பது இனாம்தாரர் தரப்பு சொன்னது. ஆவணம் காட்டினாரா, வாய்ச்சொல்லா என்பதும் அதே வரியில் இருக்கும். அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

எங்கள் கோயில் கல்வெட்டை யாராவது ஏற்கெனவே படித்திருப்பார்களா?

படித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண்ணும் ஆண்டும்: '2/1898' என்பது போல. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் முழுப் பாடமே இருக்கலாம். முதல் தொகுதி 1890இல் வந்தது. 1961இல் தொடங்கிய மாநிலத் தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது.

தேடும்போது இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுங்கள். விழுப்புரத்து ஊர் 'தென்னார்க்காடு' என்ற தலைப்பில் இருக்கும், திருவள்ளூர் ஊர் 'செங்கல்பட்டு' என்பதில். வட்டமும் மாறியிருக்கும். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அந்தக் காலத்து வழக்கில் இருக்கும். நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

ஆண்டறிக்கையில் கிடைப்பது இரண்டு வரிச் சுருக்கம்தான். 'விளக்கெரிக்க நிலக்கொடை' என்று அதில் இருந்தால் மூலத்தில் அந்த நிலத்தின் நான்கு எல்லையும் வாய்க்காலின் பெயரும் இருக்கும். ஊர் வரலாற்றுக்கு வேண்டியது அந்த எல்லைகள். சுருக்கத்தோடு நின்றுவிட்டால் விளக்கு மட்டும்தான் கிடைக்கும்.

கல்வெட்டில் ஆண்டை எப்படிக் கணக்கிடுவது?

சோழர் கல்வெட்டு ஆட்சியாண்டைத்தான் சொல்லும். உத்திரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். 'மதிரை கொண்ட கோப்பரகேசரிவன்மர்க்கு யாண்டு பதினாலாவது' என்று தொடங்குகிறது. மதுரை கொண்டவன் முதலாம் பராந்தகன், பட்டமேறியது 907. ஏறிய ஆண்டே 1 என்பதால் 14ஐக் கூட்டக் கூடாது, 13ஐக் கூட்ட வேண்டும்: 920–921. இதேபோல் முதலாம் ராஜராஜனுக்கு (985) யாண்டு 29 என்றால் 1013–1014.

எந்த அரசன் என்று தெரிய மெய்க்கீர்த்தியின் (அரசன் புகழைப் பாடும் தொடக்கப் பகுதி) முதற்சொற்களே போதும். 'திருமகள் போல' என்றால் முதலாம் ராஜராஜன், 'திரு மன்னி வளர' என்றால் முதலாம் ராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன்.

தப்பு நடப்பது மெய்க்கீர்த்தி இல்லாத கல்வெட்டில். வெறும் 'கோப்பரகேசரி' அல்லது 'கோவிராசகேசரி' என்றால் அது பெயர் அல்ல, சோழர் மாறி மாறிச் சூடிய பட்டம். பரகேசரி பலர். எழுத்தமைதி, குறிப்பிடப்படும் அதிகாரிகள், கோயிலின் கட்டடக் காலம் மூன்றும் இல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது. பாண்டியர் கல்வெட்டில் 'யாண்டு 4 ஆவதின் எதிராவது 9' என்று வந்தால் இரண்டையும் கூட்டி 13 என்று கொள்ள வேண்டும். பல சடையவர்மர்கள், பல சுந்தரபாண்டியர்கள். அங்கே கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் இருந்தால்தான் காலத்தை உறுதிசெய்ய வழி உண்டு.

அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டில் உழவு பற்றி ஏதாவது இருக்கிறதா, வெறும் தேர்தல்தானா?

தேர்தல் என்று பாடப்புத்தகம் சுருக்கிவிட்டது. ஊர் 30 குடும்பாக (பகுதியாக) பிரிந்திருந்தது. உறுப்பினருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். அதாவது நிலமற்றவருக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. தேர்ந்தவர்கள் ஆட்டை வாரியம் (ஆண்டுக் குழு) 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர் என்று 360 நாள் பொறுப்பேற்றார்கள். ஏரிக்கென்று தனி வாரியம் இருந்தது என்பதே ஒரு விவசாய ஊரின் வரலாற்றாளருக்கு இதில் பெரிய செய்தி.

கல்வெட்டு எண்களைப் படிக்கத் திணறுகிறது.

தமிழ் எண்கள் எழுத்துகளோடு கலந்து ஏமாற்றும். ௧ பார்க்கக் 'க' போல, ௨ 'உ' போல, ௭ 'எ' போல, ௮ 'அ' போல, ௰ 'ய' போல. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள்: ௰, ௱, ௲. ஆகவே ௨௱௩௰௪ என்பது 234; ௰௪ என்பது 14. 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பிறகு பொருளில்லாமல் ஒரு 'ய' நின்றால் அது பத்து.

மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இராது. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். தெரிந்த ஒரு சொல்லை முதலில் பிடித்துக்கொண்டு, அந்த எழுத்து வடிவங்களை வைத்து மற்றதைப் படிப்பதுதான் வழி.

மைப்படி (கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) நாமே எடுக்கலாமா? எப்படி?

பாதுகாக்கப்பட்ட சின்னமானால் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். கோயிலானால் நிர்வாகத்தின் அனுமதி. அனுமதி கிடைத்த பின் செய்முறை இது:

தேங்காய்நார் அல்லது மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் கொண்டு கல்லைக் கழுவுங்கள். சுண்ணாம்பு அடைத்திருந்தால் ஊறவிட்டு மரக்குச்சியால் எடுங்கள். கம்பியோ அமிலமோ கூடாது. மேப்லித்தோ தாளைக் கல்லைவிட நாலு விரல் அகலமாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, மேலிருந்து கீழாகக் கல்லில் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டும் தூரிகையால் அடித்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை அடிக்க வேண்டும்.

பிறகு காத்திருங்கள். எல்லாரும் கெடுப்பது இங்கேதான். தாள் சொதசொதவென்று இருக்கும்போதே மை வைத்தால் மை பள்ளத்துக்குள் ஊறி எழுத்து மறைந்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும். விரலால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். விளக்குக்கரியும் பிசினும் தண்ணீரும் சேர்த்த மையைத் துணிப்பொதியில் லேசாக எடுத்து, முதலில் ஒரு பலகையில் தட்டிக் குறைத்து, பிறகு தாளின்மேல் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். கல்லின் பரப்பு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். நன்கு காய்ந்ததும் மேல் ஓரத்திலிருந்து உரித்து, பின்பக்கத்தில் ஊர், கோயில், எந்தச் சுவர், தேதி எல்லாவற்றையும் உடனே எழுதிவிடுங்கள். ஆடிக் காற்றில் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

அனுமதி கிடைக்காவிட்டால் நிழற்படம். காலை எட்டு மணிக்கு முன்னோ மாலை நாலரைக்குப் பின்னோ பக்கவாட்டு வெயிலில் எடுங்கள். உள் சுவரென்றால் ஒருவர் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும். மாவு, சாக்கட்டி பூசிப் படமெடுப்பது கல்லுக்குக் கேடு. தப்பான எழுத்தைத் தடவிவிட்டால் படிப்பவருக்கும் கேடு.

இன்னொன்று: திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருக்கும். ஒரு வரி பாதியில் நின்று, தலைகீழாக வைத்த கல்லில் தொடரும். சில கற்கள் இடிந்த பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து வந்தவை. கல்வெட்டு சொல்லும் நாடும் கூற்றமும் (அக்கால ஆட்சிப் பிரிவுகள்) உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் அதை உங்கள் ஊர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊர்ப்பெயர்க் காரணத்தை முதல் அத்தியாயமாக வைக்கலாமா?

கடைசிக்கு ஒத்திவையுங்கள். ராமர் வந்தார், பாண்டவர் தங்கினார் என்ற கதை பல ஊர்களுக்கு உண்டு. ஈறுகள் ஓரளவு உதவும்: மங்கலம் பெரும்பாலும் பிரமதேயம் (பிராமணருக்குக் கொடுத்த ஊர்), தாங்கல், ஏந்தல், சமுத்திரம் நீர்நிலையோடு வந்தவை, பாளையம் படையோடும் பாளையக்காரரோடும், வலசு கொங்கு நாட்டுக் குடியேற்றம், பள்ளி பல இடங்களில் சமணத் தொடர்பு, எல்லா இடத்திலும் அல்ல. கல்வெட்டிலும் இனாம் பதிவிலும் பத்திரத்திலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தினால் பாதிக் கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

வேலி, மா, குழி, கலம்: ஏக்கராகவும் கிலோவாகவும் மாற்றி எழுதலாமா?

அண்மைக் காலத்துக்கு மாற்றலாம். தஞ்சைப் பக்கத்தில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா (ஏறக்குறைய 33 சென்ட்), 20 மா ஒரு வேலி (6.6 ஏக்கர்). செங்கல்பட்டுப் பக்கத்தில் காணி 1.32 ஏக்கர்; அங்கே குழி 576 சதுர அடி. ஒரே 'குழி' ஊருக்கு ஊர் நான்கு மடங்கு வேறுபடுகிறது, பாருங்கள். கல்வெட்டில் இன்னும் சிக்கல்: 'பதினாறு சாண் கோலால்' என்று கோலின் நீளம் சொல்லப்பட்டிருந்தால் ஒழியக் கணக்கிடக் கூடாது. சில கோயில் சுவர்களில் அளவுகோலையே வெட்டி வைத்திருப்பார்கள். கண்டால் அளந்து எழுதுங்கள்.

முகத்தலளவைக்கு: 8 நாழி 1 குறுணி (மரக்கால்), 2 குறுணி 1 பதக்கு, 4 குறுணி 1 தூணி, 3 தூணி 1 கலம். விகிதம் நிலையானது, மரக்கால்தான் நிலையற்றது. அதனால்தான் தஞ்சைக் கல்வெட்டுகள் 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' என்று பெயர் சொல்லி அளக்கின்றன. மூலத்தில் உள்ள அளவை அப்படியே எழுதி, மாற்றிய அளவை அடைப்புக்குறிக்குள் போடுவது பாதுகாப்பு.

பசலி, கொல்லம், சகம்: எதற்கு எதைக் கூட்டுவது?

இவை பழைய ஆண்டுக் கணக்குகள். ஆங்கில ஆண்டு பெற: பசலி + 590 (ஜூலை 1இல் தொடங்கும், பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை). சகம் + 78. கொல்லம் + 825, கொல்லம் ஆண்டின் முற்பகுதியானால் 824. இது நெல்லை, குமரிப் பக்கம் அதிகம். கலி கழிந்த ஆண்டிலிருந்து 3101ஐக் கழிக்க வேண்டும்.

அறுபதாண்டுச் சுற்றில் 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1816, 1876, 1936, 1996 எதுவாகவும் இருக்கலாம். பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்னால் 1876தான். 1878வரை நீண்ட அந்தப் பஞ்சத்துக்குத் தாது வருஷப் பஞ்சம் என்றே பெயர்.

ஏரிக்குள் இறங்கிப் பார்ப்பதில் என்ன கிடைக்கும்?

குமிழித் தூம்பு (ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய அமைப்பு) கிடைக்கும். தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசியில் கரையிலிருந்து உள்வாய்ப் பக்கம் நடந்தால் இரண்டு கல்தூண்கள், இடையே குறுக்குக் கற்களோடு நிற்பதைப் பார்க்கலாம். அடியில் கல்தொட்டி. அதன் மேல் துளை நீரோடி. கீழே உள்ள சிறு துளைகள் சேறோடி. நீரோடியைத் திறந்தால் தண்ணீர் சுரங்கக்கால் வழியே வயலுக்குப் போகும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் அடிச் சேறும் சேறோடி வழியே வெளியேறும். தூர் தானாகவே கொஞ்சம் குறையும். வயலுக்கு வண்டலும் சேரும். தூண்களில் கல்வெட்டு இருக்கலாம்: செய்வித்தவர் பெயர், ஆட்சியாண்டு. கோயிலில் இல்லாத காலச் சான்று ஏரிக்குள் நிற்பதுண்டு. தண்ணீர் நிற்கும் உயரத்துக்குக் கீழே எழுத்து தேய்ந்திருக்கும். மேல் பகுதியை முதலில் பாருங்கள்.

ஊர்ப் புறத்தில் நடுகல் தேடும்போதும் இதே பொறுமை வேண்டும். செங்கம் பகுதி நடுகற்கள் பல்லவர் காலத்து மாடுபிடிச் சண்டைகளைச் சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்தவை அவற்றைவிடப் பழைய, தமிழ்பிராமி எழுத்துள்ளவை. 'வேடியப்பன்' என்று எண்ணெய் பூசிக் கும்பிடும் கல்லைக் கழுவ வேண்டுமானால் கும்பிடுகிறவர்களைக் கேட்டு, அவர்கள் கையாலேயே கழுவச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் பேசினால் வருடமே சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

"எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் யாருக்கும் வராது. "அப்ப நம்ம ஊருக்குக் கரண்ட் வந்துடுச்சா?" "தனுஷ்கோடி புயலுக்கு முன்னயா, பின்னயா?" "கர்ணம் இருந்தாரா, வி.ஏ.ஓ. வந்துட்டாரா?" என்று கேளுங்கள். புயல் 1964 டிசம்பர். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிந்தது 1980. காவிரி, பவானிக் கரையென்றால் 1924 வெள்ளம் பற்றி அப்பா, பாட்டன் சொன்னதை ஞாபகம் வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதைவிட வயல் வரப்பில் நடந்துகொண்டே கேளுங்கள். இடத்தைக் கண்டதும் பெயர் தானாக வரும். பெண்களைத் தனியே கேளுங்கள். நாற்று நடவுக் கூலி எவ்வளவு, எத்தனை மரக்கால் நெல், களத்தில் யாருக்கு முதல் அளப்பு: இவை அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

சேரியின் வரலாற்றுக்கு ஆவணமே இல்லையே?

இருக்கிறது, தேடுவதில்லை. ஊர் நத்தம் (குடியிருப்பு நிலம்) ஒரு புல எண், சேரி நத்தம் வேறு புல எண். இரண்டின் பரப்பையும் வீட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு அத்தியாயம். 1892 ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள், பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் நிபந்தனையோடு பதிவாகியிருக்கும். அதே புல எண்ணில் இன்று யார் பெயர் என்று பார்த்தால் இடையில் நடந்தது தெரியும். தஞ்சைப் பகுதிக்கு 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், மாநிலம் முழுதுக்கும் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் நடந்த வழக்குகளில் உழுதவர்களின் பெயர் வரும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் குழந்தை சேர்ந்த ஆண்டு இருக்கும். கிறித்தவர் உள்ள ஊரானால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு நல்ல ஆதாரம்.

கிணறு, பயிர், மின்சாரம்: இதெல்லாம் வரலாறா?

மானாவாரிச் சீமையில் இதுதான் வரலாறு. பழைய கிணறு ஒன்றின் வாயோரத்தில் நின்று பாருங்கள். மாடு பூட்டி நீர் இறைத்த கமலையின் தூண்கள் நட்ட கல் இருக்கும். அதில் வடம் தேய்த்த வடு விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும். மாடு இறங்கிய சரிவு மண் மூடிக் கிடக்கும். உள்ளே பார்த்தால் மேலே கட்டுக்கல், கீழே வெடிவைத்த பாறை, அடியில் துளைபோட்ட குழாய். மூன்று தலைமுறை நீர்மட்டம் அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. கிணற்றுக்குக் கடன் வாங்கியிருந்தால் 1883 நில மேம்பாட்டுக் கடன் சட்டத்தின் கீழான தக்காவிக் கடனாகப் பத்திரத்தில் வரும்.

மின்சாரத்துக்குப் பைக்காரா நீர்மின் நிலையம் (1932), மேட்டூர் அணை (1934) ஆகியவற்றை எல்லைக்கற்களாக வைத்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு முதல் மோட்டார் எப்போது வந்தது என்று தேடுங்கள். நெல்லில் ஐ.ஆர். 8 வெளியானது 1966. ஆறு மாத நாட்டு ரகம் போய் நாலு, நாலரை மாதக் குட்டை ரகம் வந்தபோது வைக்கோலின் நீளமும் அளவும் குறைந்தன. கூரை வேய்வதும் மாட்டுத் தீனியும் சேர்ந்தே மாறின. பயிர் விவரத்துக்கு அடங்கல் என்ற ஆண்டுப் பயிர்க் கணக்குதான் ஆதாரம், ஆனால் பழைய பசலிகளைப் பெரும்பாலும் கழித்திருப்பார்கள். கிடைத்தால் பத்தாண்டுக்கு ஒன்றாகப் படியெடுங்கள்.

சந்தை, மக்கள்தொகை, பேரூராட்சி விவரம்?

மக்கள்தொகைக்கு 1871 முதல் கணக்கெடுப்பு உண்டு. ஊர்வாரி விவரத்துக்கு 1951 முதலான மாவட்டக் கையேடுகள் எளிது. 1961 கணக்கெடுப்பின்போது சில ஊர்களுக்குத் தனி ஆய்வு நூலே வந்தது. உங்கள் ஊர் அதிலிருந்தால் யோகம். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி ஆகிய ஊர்களுக்கு இன்னும் பெரிய யோகம்: 1916இல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்தவை, பின்னர் பலமுறை மறுஆய்வு கண்டவை. ஊராட்சித் தீர்மானப் பதிவேட்டில் சந்தை ஏலத்தொகை ஆண்டுதோறும் இருக்கும். அது ஏறி இறங்குவதைப் பார்த்தாலே மழை தெரியும்.

வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருக்கிறது. என்ன செய்வது?

எண்ணெய் தேய்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஒட்டிய ஏட்டைப் பிரிக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றிச் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ காட்டுங்கள். பாதிக்கு மேல் சோதிடமும் வைத்தியமும்தான் இருக்கும். நிலக்கணக்கு ஏடு ஒன்று தேறினால் அதுதான் புதையல்.

ஒன்றுக்கொன்று முரணான தகவலை எப்படி எழுதுவது?

இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். 'ஏரி சோழர் காலத்தது' என்று எழுதாமல், 'தூம்புத் தூணில் பரகேசரி என்ற பட்டம் மட்டும் இருக்கிறது; ஊரார் நாயக்கர் வெட்டியது என்கிறார்கள்; 1860களின் இனாம் பதிவு ஏரிக்கு மானியம் இருந்ததைச் சொல்கிறது' என்று எழுதினால் அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடரலாம். உயிரோடிருக்கும் குடும்பங்களின் நிலத் தகராறில் பெயர் போடாதீர்கள். புல எண் போதும். அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைபடத்தையும் வயற்பெயர்ப் பட்டியலையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து நூலகச் சுவரிலோ டீக்கடையிலோ ஒரு வாரம் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.